உபயமும் ஒப்பந்தமும்

கோயில் திருவிழாக்களில் உபயம் என்று ஒரு முறை உண்டு. முதலாந் திருவிழா இன்னாருடையது, ஐந்தாந் திருவிழா இன்னாருடையது, தேர்த் திருவிழா இன்ன குடும்பத்தாருடையது என்று பரம்பரையாக வகுத்து வைத்திருப்பார்கள். மேளத்துக்கும் மாலைக்கும் விளக்குக்கும் வேண்டிய செலவை உபயகாரர் ஏற்றுக்கொள்வார். அவ்வாண்டு விளைச்சல் குன்றினாலும், வியாபாரம் நொடித்தாலும், கடன்பட்டாவது தம் உபயத்தை நிறைவேற்றுவாரேயன்றிக் கைவிடமாட்டார். தந்தை இறந்தால் மகன் ஏற்பான். அதனை நிறுத்தலாமா என்ற கேள்வி அவ்வீட்டில் எழுவது அரிது. எழுந்தாலும் அது வெளியே கேட்பதில்லை.

விளையாட்டுத் துறையிலும் உபயகாரர்கள் உளர். அவர்களுக்கு அனுசரணையாளர் என்று பெயர். வீரரின் சட்டையிலும் மைதானத்தின் வேலியிலும் வெற்றிக் கிண்ணத்தின் பெயரிலும் அவர்களுடைய பெயர் விளங்கும். ஆனால் கோயில் உபயகாரர் கேளாத கேள்வியை இவர்கள் ஒவ்வொரு தவணை முடிவிலும் கேட்கிறார்கள்: இதனைத் தொடர்வதா, நிறுத்துவதா? ஒரு கம்பனியின் பணிப்பாளர் சபை மேசையைச் சுற்றி அமர்ந்து இக்கேள்விக்கு விடை காணும்பொழுது, அவ்வறைக்கு வெளியே பலருடைய வாழ்வு அவ்விடையை எதிர்நோக்கி நிற்கிறது. வீரரின் சம்பளம், பயிற்றுநரின் வேலை, ஊரூராக நடைபெறும் இளைஞர் போட்டிகள் யாவும் அதிற் கட்டுண்டிருக்கின்றன. ஆதலால் அவ்விடை எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்து வைத்தல் விளையாட்டை நேசிப்போருக்குப் பயன் தருவதாகும்.

இம்முறை மிகப் பழமையானதன்று. ஐரோப்பாவின் பெரிய சைக்கிளோட்டப் பந்தயங்களில் முன்னாளில் அணிகளைப் பேணி வந்தோர் சைக்கிள் செய்யும் கம்பனிகளே. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மக்கள் மோட்டார் வண்டிகளை நாடத் தொடங்கவே, சைக்கிள் வியாபாரம் தளர்ந்தது. அணிகளுக்குப் பணமும் சுருங்கியது. அப்பொழுது, 1954ஆம் ஆண்டில், பியோரென்சோ மாக்னி என்ற இத்தாலிய வீரர், முகப்பசை செய்யும் நைவியா கம்பனியின் பெயரைத் தம் அணிக்குப் பெற்றார். சைக்கிளுக்கும் முகப்பசைக்கும் என்ன உறவு என்று பலர் வியந்தனர். ஆனால் தெருவோரத்தில் இலட்சக்கணக்கான மக்கள் நின்று பார்க்கும் ஒரு சட்டைக்கு விலை உண்டு என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

இங்கிலாந்தில் 1963ஆம் ஆண்டில் கவுண்டிகளுக்கிடையே ஒரு நாளில் முடிவுறும் துடுப்பாட்டப் போட்டி தொடங்கியபோது, சவர அலகு செய்யும் ஜிலெட் கம்பனி 6,500 பவுண் கொடுத்து அதனைத் தாங்கியது. பின்னர் அது ஜிலெட் கிண்ணம் என்றே வழங்கலாயிற்று. முதலாண்டு இறுதிப் போட்டி லோர்ட்ஸ் மைதானத்தில் நடந்தது. சசெக்ஸ் அணி வோர்செஸ்டர்ஷயரை 14 ஓட்டங்களால் வென்றது. குறைந்த செலவில் ஒரு கம்பனி பெற்ற பெரும் பெயர் என்று அதனைச் சொல்லலாம்.

ஆயினும் அதே ஜிலெட் கம்பனி, 1980ஆம் ஆண்டுப் போட்டியோடு விலகிக்கொண்டது. போட்டி தோல்வியுற்றதா? இல்லை, மைதானங்கள் நிரம்பிக்கொண்டே இருந்தன. ஊழல் ஏதும் நேர்ந்ததா? அதுவும் இல்லை. பொதுமக்களிடையே விசாரித்தபோது, ஜிலெட் என்றதும் பலருக்குச் சவர அலகு நினைவுக்கு வராமல் துடுப்பாட்டமே நினைவுக்கு வந்தது என்று அக்காலத்தைப் பற்றி எழுதியோர் கூறுவர். பெயர் பரவியது, ஆனால் பெயர் குறித்த பொருள் மறைந்தது. விருந்துக்கு வந்தவர்கள் சமையலைப் புகழ்ந்து, வீட்டுக்காரர் யார் என்பதை மறந்துவிட்ட கதை அது. அடுத்த ஆண்டில் நாஷனல் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கி அவ்விடத்தை ஏற்றுக்கொண்டு, 2000ஆம் ஆண்டுவரை அப்போட்டிக்குத் தன் பெயரைத் தந்தது.

இதிலிருந்து முதற் பாடம் ஒன்று விளங்கும். எதற்காக இதிற் புகுந்தோம் என்பதுதான் கம்பனி கேட்கவேண்டிய முதற் கேள்வி. தன் பெயரை மக்கள் அறியச் செய்வது நோக்கமாயின், அறிந்தபின் அந்நோக்கம் முடிந்தது. தன் பொருளை விற்பது நோக்கமாயின், பெயர் பரவியதோடு அது முடிவதில்லை. தன்னைப் பற்றி நல்லெண்ணம் உண்டாக்குவது நோக்கமாயின், அதனை அளக்கும் கோல் வேறு. 1978ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் டெஸ்ட் போட்டிகளைத் தாங்கிய கோர்ண்ஹில் காப்புறுதிக் கம்பனி, தொடக்கத்தில் பொதுமக்களிடையே மிகக் குறைவாக அறியப்பட்ட ஒன்று. பெயர் அறியச் செய்வதே அதன் தேவை. துடுப்பாட்டம் அத்தேவையை நிறைவேற்றியது. ஆதலால் அது 2000ஆம் ஆண்டுவரை நீடித்தது. ஒரே விளையாட்டு, ஒரே நாடு, ஆயினும் நோக்கம் வேறானதால் முடிவும் வேறாயிற்று.

‘ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு’ என்பது பழமொழி. விளையாட்டிற் போடும் பணத்தை எவ்வாறு அளப்பது? கம்பனிகள் சில வழிகளைக் கையாளுகின்றன. தொலைக்காட்சியில் தம் பெயர் எத்தனை நொடி தோன்றியது என்று கணக்கிட்டு, அவ்வளவு நேரத்தை விளம்பரமாக வாங்கியிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று பார்ப்பது ஒரு வழி. இக்கணக்கில் எப்போதும் பெருந்தொகை வரும். அதனாலேயே இதனை ஐயத்தோடு நோக்கவேண்டும். துடுப்பாட்டக்காரரின் முதுகுக்குப் பின்னே மங்கலாகத் தெரிந்த ஓர் எழுத்தும், பொருளின் சிறப்பை எடுத்துரைக்கும் ஒரு விளம்பரமும் ஒரே விலை பெறுவன அல்ல.

பருவம் தொடங்குமுன்னும் முடிந்தபின்னும் மக்களிடம் வினவி, அவர்கள் மனத்தில் நேர்ந்த மாற்றத்தை அறிவது இரண்டாவது வழி. இதில் விளையாட்டைப் பார்ப்போரையும் பாராதோரையும் தனித்தனியே கேட்டு ஒப்பிட்டால்தான் உண்மை புலப்படும். விற்பனையைப் பார்ப்பது மூன்றாவது வழி. ஆனால் விற்பனை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் விலை, பருவநிலை, போட்டிக் கம்பனியின் செயல் எனக் காரணங்கள் பல. கிண்ணம் வென்ற மாதத்தில் விற்பனை ஏறியது என்பதால், கிண்ணமே அதனை ஏற்றியது என்று துணிந்து சொல்ல இயலாது.

இவற்றோடு, கணக்கில் எழுதப்படாத செலவும் ஒன்று உண்டு. ஒப்பந்தத் தொகையைக் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணும் கம்பனி ஏமாறும். பெற்ற உரிமையைப் பயன்படுத்துவதற்கு வேறு விளம்பரம், வாடிக்கையாளருக்கு விருந்து, கடைகளில் அலங்காரம் என்று மேலும் செலவழிக்கவேண்டும். அவ்வாறு செலவழிக்க வசதியில்லாத கம்பனி உரிமையை வாங்குவது, நிலத்தை வாங்கிவிட்டு விதைநெல்லுக்குக் காசில்லாமல் நிற்பதை ஒக்கும். மற்றொரு சிக்கலும் உண்டு. தலைவர் தாமே அவ்விளையாட்டின் பிரியராயின், கணக்கைவிட விருப்பமே பேசும். மைதானத்தில் முன்வரிசை ஆசனம் கிடைப்பதைக் கம்பனிக்குக் கிடைத்த இலாபமாக எழுதிவிடும் மயக்கம் எளிதில் வரக்கூடியது. இதனாலேயே கட்டுப்பாடுள்ள கம்பனிகள், தொடர்வதா என்பதை ஆராயும் பொறுப்பை, முதலில் ஒப்பந்தம் செய்தவரிடம் மட்டும் விடுவதில்லை.

விலகுவதற்கு அஞ்சச் செய்யும் காரணம் ஒன்றும் உண்டு. தான் விட்ட இடத்தை எதிரி பிடிப்பான் என்பதே அது. அமெரிக்காவின் கொடக் கம்பனி, 1896ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் நடந்த முதலாவது நவீன ஒலிம்பிக் விழாவின் நிகழ்ச்சி நூலிலேயே விளம்பரம் செய்தது. ஆனால் 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் விழாவுக்குக் கேட்ட விலை மிகை என்று கருதித் தயங்கியது. ஜப்பானின் பியூஜி கம்பனி அந்த இடத்தைப் பெற்றுக்கொண்டு, கொடக்கின் சொந்த நாட்டிலேயே தன் படச்சுருளை விளங்கச் செய்தது. அந்த அடியை உணர்ந்த கொடக், ஒலிம்பிக் குழு 1985ஆம் ஆண்டில் உலகளாவிய அனுசரணைத் திட்டத்தை அமைத்ததும் அதிற் சேர்ந்துகொண்டது. ஒரு துறைக்கு ஒரு கம்பனி மட்டும் என்பது அத்திட்டத்தின் விதி. எதிரிக்குக் கதவடைப்பதே அதில் வாங்கப்படும் பொருள்களுள் ஒன்று.

ஆயினும் அதே கொடக் 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் விழாவோடு விலகியது. இம்முறை காரணம் எதிரியன்று, காலம். படச்சுருளின் யுகம் முடிந்து, இலத்திரன் படக்கருவிகளின் யுகம் வந்துவிட்டது. கம்பனி தன் தொழிலையே மாற்ற முயன்றுகொண்டிருந்தது. 2012 ஜனவரியில் அது கடன்காரரிடமிருந்து காப்புக் கோரி நீதிமன்றம் செல்லும் நிலைக்கும் ஆளாயிற்று. கூட்டம் பழையபடியே கூடியது. விற்பதற்குரிய சரக்குத்தான் மாறிவிட்டது.

கம்பனியின் சொந்த நிலையும் ஒரு காரணமாகும். 2008ஆம் ஆண்டின் பண நெருக்கடியில் ஐ.என்.ஜி. என்ற வங்கி, ஒல்லாந்து அரசிடமிருந்து 1,000 கோடி யூரோ உதவி பெற்றது. அவ்வங்கி அப்போது ரெனோ மோட்டார்ப் பந்தய அணியின் பெயரனுசரணையாளர். மக்களின் வரிப்பணத்தால் உயிர்தப்பிய வங்கி, மோட்டார்ப் பந்தயத்துக்கு வாரி இறைப்பதா என்ற கேள்வி எழாமலிருக்குமா? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. 2009 பெப்ரவரியில் அவ்வங்கி, ஆண்டிறுதியோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று அறிவித்தது. அதற்குள் மற்றொரு செய்தி வந்தது: முந்திய ஆண்டுச் சிங்கப்பூர்ப் பந்தயத்தில் அவ்வணி வேண்டுமென்றே ஒரு காரை மோதச் செய்தது என்பது 2009 செப்டெம்பரில் உறுதியாயிற்று. எஞ்சியிருந்தவை நான்கு பந்தயங்களே. அவற்றுக்குக்கூடக் காத்திராமல் வங்கி உடனே விலகியது. பணத்தால் வரும் விலகல் தவணை பார்க்கும். மானத்தால் வரும் விலகல் நாள் பார்ப்பதில்லை.

சில வேளைகளில் முடிவு கம்பனியின் கையிலேயே இருப்பதில்லை, சட்டம் முடித்துவைக்கிறது. 1996 மார்ச் 17ஆந் தேதி லாகூரில் இலங்கை அணி உலகக் கிண்ணத்தை ஏந்தியபோது, அக்கிண்ணம் ஒரு சிகரெட்டின் பெயரையே தாங்கியிருந்தது. பத்து ஆண்டுகளின் பின், 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், புகையிலைக்கும் மதுவுக்கும் இலங்கையில் விளம்பரத்தையும் அனுசரணையையும் தடைசெய்தது. இங்கிலாந்தில் 1972 முதல் நடந்துவந்த பென்சன் அன்ட் ஹெட்ஜஸ் துடுப்பாட்டக் கிண்ணமும் அத்தகைய சட்டத்தின் முன் 2002ஆம் ஆண்டோடு மறைந்தது. இந்தியாவில் 2025 ஓகஸ்ட் மாதத்தில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுக்களைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறியதும், இந்திய துடுப்பாட்ட அணியின் சட்டையிலிருந்த டிரீம் லெவன் கம்பனி, ஒப்பந்தம் முடியுமுன்பே விலகியது. அடுத்த மாதம் தொடங்கிய ஆசியக் கிண்ணப் போட்டியில் அவ்வணி அனுசரணையாளர் பெயரில்லாத சட்டையோடு ஆடியது.

சட்டம் இல்லாதபோதும் பொதுமக்களின் உணர்ச்சி சட்டம்போல நின்றுவிடுவதுண்டு. சீனாவின் விவோ கம்பனி, இந்திய பிரிமியர் லீக் போட்டிக்கு ஐந்தாண்டுகளுக்கு 2,199 கோடி ரூபா தர ஒப்பியிருந்தது. 2020 ஜூன் மாதத்தில் எல்லையில் இருநாட்டுப் படைகளும் மோதியபின், அவ்வாண்டுக்கு அக்கம்பனி ஒதுங்கிக்கொண்டது. அதனிடத்துக்கு வந்த கம்பனி கொடுத்தது 222 கோடி ரூபா. விவோ ஓராண்டுக்குக் கொடுத்ததிற் பாதியளவே. திடீரென விலகும் அனுசரணையாளரின் இடம் குறைந்த விலைக்கே போகும் என்பதற்கு இது சான்று.

இனி, எல்லாவற்றினும் கடினமான கேள்விக்கு வரலாம். தான் தாங்கிநிற்கும் வீரரோ சங்கமோ பழிக்கு ஆளானால் கம்பனி என்ன செய்வது? ஒப்பந்தங்களில் நன்னடத்தை நிபந்தனை என்று ஒன்று இருக்கும். கெட்ட பெயர் வந்தால் விலக அது உரிமை தரும். ஆனால் உரிமை இருப்பது வேறு. அதனைப் பயன்படுத்துவது தகுமா என்பது வேறு.

2009ஆம் ஆண்டின் இறுதியில் கோல்ப் வீரர் டைகர் வூட்ஸ் அவர்களின் சொந்த வாழ்க்கை பற்றிய செய்திகள் பத்திரிகைகளை நிரப்பின. வர்த்தக ஆலோசனை வழங்கும் அக்சென்சர் கம்பனி இரண்டு வாரங்களுக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குள் விலகியது. விளையாட்டுப் பொருள் செய்யும் நைக்கி கம்பனி விலகவில்லை. 2024 ஜனவரி வரை, 27 ஆண்டுகள் அவரோடு நின்றது. ஒன்று அவசரப்பட்டது, மற்றது பொறுமை காத்தது என்று சொல்லிவிடுதல் எளிது. உற்றுநோக்கினால் இரண்டும் தத்தம் வழியில் ஒழுங்கானவையே. ஆலோசனைக் கம்பனி விற்பது நிதானத்தையும் நம்பிக்கையையும். அவ்வீரரை அவ்விரண்டின் உருவமாகவே அது உலகெங்கும் காட்டியிருந்தது. உருவம் சிதைந்ததும் விளம்பரம் முழுவதும் பொருளற்றதாயிற்று. நைக்கியோ அவருடைய ஆட்டத்திறமையை விற்றது. ஆட்டத்திறமை பொய்யென்று எவரும் சொல்லவில்லை.

அதே நைக்கி, 2012 ஒக்டோபர் 17ஆந் தேதி சைக்கிளோட்ட வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ரோங் அவர்களை ஒரே நாளிற் கைவிட்டது. அங்கே பொய்யாகியது திறமையே. ஊக்கமருந்தால் வென்ற வெற்றி, விற்பதற்குரிய சரக்காக இருக்கவில்லை. ஆகவே, ‘பழி எவ்வளவு பெரிது?’ என்ற கேள்வியினும், ‘அப்பழி எந்த இடத்தைத் தொட்டது?’ என்ற கேள்வியே முடிவை ஆளுகிறது. 2018 மார்ச்சில் கேப் டவுன் நகரில் அவுஸ்திரேலிய வீரர்கள் பந்தைச் சுரண்டிப் பிடிபட்டபோது, மகெலன் என்ற முதலீட்டுக் கம்பனி மூன்றாண்டு ஒப்பந்தத்தை முதலாண்டிலேயே முறித்ததும் இதே நியாயத்தால். பிறர் பணத்தைக் காத்துப் பெருக்குவதாகச் சொல்லும் கம்பனிக்கு, விதியை மீறி வெல்ல முயன்றோரின் தோழமை ஒவ்வாது.

இவ்வகை முடிவுகளுள் மிக நீண்ட சிந்தனைக்கு உரியது ஒல்லாந்தின் ரபோபாங்க் வங்கியினது. உழவர்களின் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து வளர்ந்த வங்கி அது. ஒல்லாந்து மக்கள் சைக்கிளிலேயே வளர்பவர்கள். ஆதலால் 1996ஆம் ஆண்டில் அவ்வங்கி சைக்கிளோட்ட அணியொன்றை ஏற்றபோது, அது இயல்பான உறவாகவே தோன்றியது. தொழில்முறை அணியோடு நில்லாமல், இளைஞர் போட்டிகளையும் தேசிய சங்கத்தையும் அவ்வங்கி தாங்கியது.

அக்காலத்தில் சைக்கிளோட்டத்தை ஊக்கமருந்து அரித்துக்கொண்டிருந்தது. 1998 ஜூலையில், பெஸ்டினா மணிக்கூட்டுக் கம்பனியின் அணியைச் சேர்ந்த பணியாளர் ஒருவர் பிரான்சின் எல்லையில் மருந்துகளோடு பிடிபட்டார். அணி பிரான்சுச் சுற்றிலிருந்து வெளியேற்றப்பட்டது. ஆயினும் பெஸ்டினா 2001ஆம் ஆண்டுவரை அணியைக் கைவிடவில்லை. ஜேர்மனியின் டொயிச்சே டெலிகொம் 1991 முதல் தாங்கிய அணி, 1996இலும் 1997இலும் பிரான்சுச் சுற்றை வென்றது. 1996இல் வென்ற வீரரே, தாம் மருந்து உட்கொண்டதாக 2007 மே மாதத்தில் ஒப்புக்கொண்டார். அவ்வாண்டு நவம்பரில் அக்கம்பனி, ஒப்பந்தக் காலம் எஞ்சியிருக்கவே விலகியது.

அதே 2007 ஜூலையில் ரபோபாங்குக்கும் சோதனை வந்தது. பிரான்சுச் சுற்றில் முன்னணியில், மஞ்சட் சட்டையோடு, வெற்றியை நெருங்கிக்கொண்டிருந்த தன் வீரரை, சோதனைக்கு முன் தாம் இருந்த இடத்தைப் பற்றி அவர் பொய் கூறினார் என்று அறிந்து, அணியே பந்தயத்தினின்றும் நீக்கியது. கைக்கெட்டிய கிண்ணத்தைத் தானே தள்ளிவிட்ட செயல் அது. அப்பொழுது வங்கி விலகவில்லை. தவறு ஒருவருடையது, திருத்த முயல்வோரோடு நிற்பதே கடமை என்ற நிலையை எடுத்தது. அந்நிலை பிழையென்று அப்பொழுது சொல்வது கடினம்.

ஐந்து ஆண்டுகளின் பின், 2012 ஒக்டோபர் 10ஆந் தேதி, அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தின் அறிக்கை வெளிவந்தது. சான்றுகளோடு ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அவ்வறிக்கையில், ஆம்ஸ்ட்ரோங்கின் முன்னாள் அணித்தோழர் 11 பேர் சாட்சி கூறியிருந்தனர். அவருள் ஒருவர் ரபோபாங்க் அணியிலும் ஓடியவர். அங்கிருந்த காலத்திலும் மருந்து உட்கொண்டதாக ஒப்பியவர். வங்கியின் பணிப்பாளர்கள் அவ்வறிக்கையைப் படித்தனர். ஒன்பதாம் நாள், ஒக்டோபர் 19ஆந் தேதி, ஆண்டிறுதியோடு தொழில்முறைச் சைக்கிளோட்டத்தை விட்டு விலகுவதாக அறிவித்தனர். தொழில்முறைச் சைக்கிளோட்ட உலகம் தன்னைத் தூய்மையானதாக ஆக்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை தங்களுக்கு இல்லாமற் போயிற்று என்பதே அவர்கள் சொன்ன காரணத்தின் சாரம். பதினேழு பருவங்களின் உறவு அவ்வாறு முடிந்தது.

2007க்கும் 2012க்கும் இடையே மாறியது என்ன? வீரரொருவரின் தவறு, முறைமையின் தவறாகத் தெரிந்தது. ஒரு கிளை பட்டால் வெட்டலாம். வேர் அழுகினால் தோட்டக்காரன் என்ன செய்வான்? ஆனால் இங்கே வங்கியைப் பார்த்துக் கேட்கவேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. பதினேழு ஆண்டுகள் பணம் கொடுத்தவர், அப்பணம் எத்தகைய வெற்றியை வாங்குகிறது என்று விசாரித்தாரா? அவ்வணியின் புகழ்பெற்ற வீரர் ஒருவர், தாம் பத்தாண்டுகள் மருந்து பயன்படுத்தியதாக 2013 மார்ச்சில் ஒப்புக்கொண்டார். வெற்றியை வேண்டிப் பணம் கொடுப்பவர், அவ்வெற்றிக்காகச் செய்யப்படும் காரியங்களில் தமக்குப் பங்கேயில்லை என்று சொல்லிவிட முடியுமா? பணிப்பாளர்கள் பலர் இக்கேள்வியைத் தவிர்க்கவே விரும்புவர்.

ஆயினும் விலகிய முறையில் ரபோபாங்க் பாராட்டுக்குரியது. வீரரோடும் பணியாளரோடும் செய்த ஒப்பந்தங்களை அது முறிக்கவில்லை. 2013ஆம் ஆண்டில் தன் பெயரின்றியே அணிக்குப் பணம் கொடுத்தது. வெண்மை என்று பொருள்படும் பிளாங்கோ என்ற பெயரோடு அவ்வணி ஓடியது. புதிய அனுசரணையாளர் ஒருவர் அவ்வாண்டு நடுவிற் கிடைக்கும்வரை வீரரின் அடுப்பு அணையவில்லை. தொழில்முறைக்கு அப்பாற்பட்ட சைக்கிளோட்டத்தையும் வங்கி கைவிடவில்லை. ஒலிம்பிக் வெற்றிவீராங்கனை மரியானே வோஸ் அவர்களைக் கொண்ட பெண்கள் அணிக்கும் மேலும் சில ஆண்டுகள் அதன் பெயர் துணைநின்றது. பழியிலிருந்து விலகுவதும், பழியில்லாதவரைப் பட்டினி போடுவதும் ஒன்றல்ல என்பதை அவ்வங்கி உணர்ந்திருந்தது.

வங்கி விட்டுச்சென்ற அணி அழிந்துவிடவில்லை. பெயர்கள் பலவாறு மாறி, 2022இலும் 2023இலும் யும்போ விஸ்மா என்ற பெயரோடு பிரான்சுச் சுற்றை வென்றது. 2023இல் இத்தாலி, பிரான்சு, இசுப்பானியா ஆகிய மூன்று பெருஞ்சுற்றுகளையும் ஒரே ஆண்டில் வென்ற முதல் அணியாயிற்று. நின்றிருந்தால் அப்புகழ் வங்கிக்குக் கிட்டியிருக்குமே என்று சிலர் கூறலாம். பின்னர் வந்த விளைவைக்கொண்டு முன்னர்ச் செய்த முடிவை நிறுப்பது நியாயமாகாது. அன்று கையிலிருந்த சான்றுகளைக்கொண்டு அன்று செய்த முடிவு அது. அவ்வளவில் அது நேர்மையானது.

விலகாமல் நின்று குரல் கொடுக்கும் வழியும் ஒன்று உண்டு. 2015 மே மாதத்தில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் அதிகாரிகள் சூரிச் நகரிற் கைதுசெய்யப்பட்டனர். அனுசரணையாளர் நால்வர், கொக்கா கோலா, விசா, மக்டொனால்ட்ஸ், பட்வைசர் என்போர், ஒக்டோபர் 2ஆந் தேதி, தலைவர் செப் பிளாட்டர் உடனே பதவி விலகவேண்டும் என்று கேட்டனர். அவர் மறுத்தார். ஆறு நாட்களின் பின் சம்மேளனத்தின் ஒழுக்காற்றுக் குழுவே அவரை இடைநிறுத்தியது. அனுசரணையாளரின் சொல்லினால் மட்டும் அது நிகழ்ந்தது என்று சொல்வதற்கில்லை. எனினும், பணம் கொடுப்பவர் பேசவும் வல்லவர் என்பதும், அவர்கள் மௌனமாயிருந்த ஆண்டுகளும் எண்ணப்படும் என்பதும் அன்று புலனாயின. விலகியவர் வாசலுக்கு வெளியே நிற்பவர். நிற்பவருக்குத்தான் வீட்டினுள்ளே சொல் உண்டு. ஆனால் அச்சொல்லைச் சொல்லாமலே நிற்பவருக்கு அந்நியாயம் உதவாது.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், நல்ல கம்பனியொன்று தன் மேசையில் வைக்கவேண்டிய கேள்விகள் தெளிவாகின்றன. எந்நோக்கத்தோடு புகுந்தது, அது நிறைவேறியதா? அளந்த அளவுகோல் நேர்மையானதா, அல்லது விரும்பிய விடையைத் தரும்படி செய்யப்பட்டதா? இதே பணத்தை வேறு வழியிற் செலவிட்டால் கூடுதற் பயன் விளையுமா? விலகினால் அவ்விடத்துக்கு வருபவர் யார்? பழி நேர்ந்திருப்பின் அது ஒருவருடையதா, முறைமையினுடையதா? அப்பழியைத் தவிர்க்கத் தான் செய்யக்கூடியதைச் செய்ததா? விலகுவதாயின், எவர் வயிற்றில் அடி விழும், அதனை எவ்வாறு தாங்குவது? சென்ற ஆண்டுகளிற் கொடுத்த பணம் இக்கேள்விகளுள் ஒன்றாகாது. அது போய்விட்டது, தொடர்வதற்கு அது நியாயமுமன்று, விலகுவதற்கு அது காரணமுமன்று.

விளையாட்டுச் சங்கங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு தூணில் நிற்கும் மண்டபம் அத்தூணின் விருப்பத்துக்கு அடிமை. பார்வையாளரின் நுழைவுக் கட்டணம், உறுப்பினர் சந்தா, சிறு வியாபாரிகளின் உதவி, அரசின் மானியம் எனப் பல கால்களில் நிற்கும் சங்கம், ஒரு பெருங் கம்பனி எழுந்து போனாலும் சரிந்துவிடாது. தவணை முடியுமுன் ஓராண்டாவது அறிவித்தல் வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திற் சேர்த்துக்கொள்ளுதலும், தன் கணக்கையும் வீரரின் ஒழுக்கத்தையும் எவரும் பார்க்கக்கூடியதாக வைத்திருத்தலும் சங்கத்தின் கடன். அனுசரணையாளர் ஓடிப்போவதை ஒப்பந்தத்தால் மட்டும் தடுக்க முடியாது; ஓடிப்போகத் தேவையில்லாத வீடாகத் தன்னை வைத்திருப்பதே தக்க காவல்.

கோயில் உபயகாரர் கணக்குப் பாராமற் கொடுக்கிறார். அவர் நாடுவது புண்ணியம். கம்பனி கணக்குப் பார்த்தே கொடுக்கும். கொடுக்கவும் வேண்டும், ஏனெனில் அப்பணம் பங்குதாரருடையது, வைப்பாளருடையது, தொழிலாளியின் உழைப்பால் வந்தது. கணக்குப் பார்ப்பதற்காகக் கம்பனியைக் குறைகூறுவது தகாது. ஆனால் திருவிழாவுக்கு நடுவில் விளக்கை அணைத்துவிட்டுப் போகும் உபயகாரரை எந்த ஊரும் மறப்பதில்லை. விடிந்தபின், விளக்கை ஒழுங்காக இறக்கிவைத்து, அடுத்தவர் கையில் எண்ணெய்க் குடத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறவரை எவரும் பழிப்பதுமில்லை.